நாற்பத்தைந்து புள்ளிகள்

பேருந்து பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோவை நெருங்கியபோதுதான் சுலக்சன் தன் மடியில் கிடந்த செருப்புச் சோடியைப் பார்த்தான். இளஞ்சிவப்பு நிறம், பட்டியில் ஒரு பிளாஸ்டிக் பூ, ஈரம் இன்னும் காயவில்லை. யாரோ பிள்ளை விட்டுவிட்டுப் போயிருக்கிறது, பாவம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அந்தப் பூவை மறுபடி பார்த்தான். அது அவனுடைய மகளின் செருப்பு. ஏழு வயது ஸ்ரெல்லா மொண்டெல்லோக் கடற்கரையில் இருந்தாள். அவளை அங்கே விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

சுலக்சன் எழுந்து போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்தான். தரிப்பிடம் வராமல் திறக்க முடியாது என்று சாரதி எரிந்து விழுந்தார். "என் பிள்ளை, என் பிள்ளை" என்று இத்தாலியனில் இவன் போட்ட சத்தத்தில் அவரே பேருந்தை ஓரங்கட்டித் திறந்துவிட்டார். இறங்கியதும் எந்தப் பக்கம் ஓடுவது என்று பிடிபடவில்லை. நாலு வயதில் வந்து, ஓடித் திரிந்து வளர்ந்த பலெர்மோத் தெருவில், கண்ணைக் கட்டிவிட்டது போல நின்றான்.

ஒரு டாக்சியை மறித்து ஏறினான். ஜூன் மாதத்து மத்தியானம்; ஊர் முழுக்கக் கடலுக்குக் கிளம்பியிருந்தது, வண்டிகள் ஊர்ந்தன. பதினான்கு வருடம் வடக்கு இத்தாலியில் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடியவன் அவன். எதிராளி தன் மட்டையால் அடித்துவிடுகிற ரப்பர் வட்டு, அதுதான் பக், காரை விட வேகமாக வரும். அதன் குறுக்கே வேண்டுமென்றே விழுந்து படுப்பதுதான் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்த வித்தை. மூன்று பல் போயிற்று, தோள் இரண்டு தடவை கழன்றது, ஒரு நாளும் பயந்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஆள் டாக்சியின் பின் இருக்கையில் ஒரு சோடிச் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வம் தெரியாத தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மணல் அப்பிய செருப்பைக் குழாயில் கழுவப் போனது ஞாபகம் இருந்தது. அசையாமல் இரு, இந்தா வாறன் என்று அவளிடம் சொன்னதும் ஞாபகம் இருந்தது. கழுவி நிமிர்ந்தபோது வீதியில் பேருந்து நின்றது. பன்னிரண்டு வயதில் நீந்தி முடித்து அந்தப் பேருந்தில்தான் அவன் தனியே வீட்டுக்குப் போவான். கால் தன்பாட்டில் போய் ஏறிவிட்டது. ஏறியபோது தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்ற எண்ணமே தலைக்குள் இல்லை. மறந்துபோனது பெரிதல்ல, எல்லாரும்தான் மறக்கிறார்கள். ஏதோ ஒன்றை மறந்துவிட்டோம் என்ற உறுத்தல்கூட இல்லாமல் இருபத்தைந்து நிமிடம் யன்னலால் புதினம் பார்த்துக்கொண்டு வந்ததை நினைத்துத்தான் அவன் செருப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

ஸ்ரெல்லா விட்ட இடத்திலேயே இருந்தாள். குடையும் சாய்கதிரையும் வாடகைக்கு விடும் இடத்தில் வேலை செய்கிற மொரீசியஸ்காரி மரி-கிளேர் அவளுக்குப் பக்கத்தில் ஒரு குடையை நட்டு வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை ஒரு மணித்தியாலமாக வெயிலில் தனியே இருந்ததைக் கண்டு நிழலுக்குக் கூப்பிட்டாளாம். பப்பா அசைய வேண்டாமென்று சொன்னவர் என்று பிள்ளை வர மறுத்துவிட்டதாம். அதற்கு முன்னர் ஒரு தடவை எழுந்து பார்த்திருக்கிறாள். மணல் கொதித்ததில் உள்ளங்கால் சுட்டுச் சிவந்து திரும்பத் துவாயில் உட்கார்ந்துவிட்டாள். செருப்புத்தான் தகப்பனோடு ஊர்வலம் போயிருந்ததே. இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பொலிசுக்கு அறிவிக்க இருந்ததாக மரி-கிளேர் சொன்னாள். சொல்லிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். குடித்திருக்கிறானா என்று பார்க்கிறாள் என்பது அவனுக்கு விளங்கியது. குடித்திருந்தால் எவ்வளவோ நல்லாயிருக்குமே என்றும் தோன்றியது.

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவள் அழவில்லை. அவளுடைய சின்ன இதயம் குருவிக்குப் போல அடித்துக்கொண்டது அவன் நெஞ்சில் பட்டது.

"அம்மாட்டை இதைச் சொல்லாதை, என்ன?" என்றான்.

"ஓம் பப்பா," என்றாள் அவள்.

அம்மா, அதாவது அவன் மனைவி தனுசியா, அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமைதான் மருத்துவர் அவனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்.

மே மாதம், ஆட்டப் பருவம் முடிந்து வடக்கிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தபோது, பல்லரோச் சந்தையில் மீன் வாங்கப் போன சுலக்சன், மீன் பையோடு மூன்று மணித்தியாலம் கழித்து வந்து நின்றான். கதைத்துக்கொண்டு நின்றதாகச் சொன்னான். மீன் நாறிப் போயிருந்தது. அதற்குப் பிறகு தனுசியா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். அடுப்பை அணைக்க மறந்தான், ஒரே கதையை ஒரே பின்னேரத்தில் இரண்டு தரம் சொன்னான், கோபம் வந்தால் கதவை உதைத்தான். இனிப் பொறுக்க முடியாது என்று அவனைக் கையோடு ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மருத்துவர் கணினிக்கு முன்னால் அவனை இருத்தி ஒரு சோதனை வைத்தார். பன்னிரண்டு சொற்கள் வந்து மறையும், ஞாபகம் உள்ளதைச் சொல்ல வேண்டும். வடிவங்கள் வரும், பார்த்த வேகத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க, தன்னால் முடிந்த மட்டும் செய்தான். நூற்றுக்கு நாற்பத்தைந்து புள்ளி வந்தது.

மருத்துவர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவன் விளையாடிய கழகம் அனுப்பிவைத்திருந்த பழைய கோப்பைத் திறந்து பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இருபத்து மூன்று வயதில் இதே சோதனையில் அவன் எடுத்ததும் நாற்பத்தைந்துதான். அடுத்த வருடம் நாற்பத்து நாலு, அதற்கடுத்த வருடம் நாற்பத்தாறு. பதினைந்து வருடத்தில் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை, உங்கள் மூளை அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது, களைப்பும் யோசனையும்தான் காரணம் என்றார். புள்ளி குறைவுதான், ஆனால் இத்தாலியன் உங்கள் தாய்மொழி இல்லையே, அதற்கு இது போதும் என்று ஆறுதலும் சொன்னார். தனுசியா கைகூப்பி அழுதாள். சுலக்சன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கையிலேயே அவனுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது, ஏனென்றால் அந்தப் பழைய நாற்பத்தைந்து ஒரு பொய்.

அந்தப் பொய் அவனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அந்த விளையாட்டுக்காரர்களில் கனபேர் செய்கிற களவு அது. பருவம் தொடங்கும் முன்னர் எல்லாருக்கும் அந்தச் சோதனையை வைப்பார்கள். ஆட்டத்தில் தலையில் அடி விழுந்தால் திரும்ப வைப்பார்கள். பழைய புள்ளி வரும்வரை களத்தில் இறங்க விடமாட்டார்கள். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது. ஆனால் வீரன் வெளியே உட்கார்ந்தால் அவன் இடத்துக்கு இன்னொருத்தன் வந்துவிடுவான், வந்தவன் லேசில் எழும்பமாட்டான். ஆகவே பிழைக்கத் தெரிந்தவன் முதற்சோதனையிலேயே வேண்டுமென்று சறுக்குவான். பன்னிரண்டு சொல்லும் ஞாபகம் இருக்கும், ஏழைச் சொல்வான். கை பாய்ந்து போகும், ஒரு நொடி பிடித்துவைப்பான். சந்தேகம் வருகிற அளவுக்கும் குறைக்கக் கூடாது, அதுதான் கெட்டித்தனம். பிறகு எந்த அடி விழுந்தாலும், மண்டை எவ்வளவு கிறுகிறுத்தாலும், அந்த அளவைத் தாண்டிவிடலாம்.

இந்த வித்தையை அவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் அணியின் தலைவன் லொரென்சோ. பலெர்மோவில் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சீமெந்துத் தரையில் சில்லுச் சப்பாத்து மாட்டி ஹொக்கி பழகிய தமிழ்ப் பொடியன், பதினாலு வயதில் வடக்கு இத்தாலியின் மலைநாட்டு அணியொன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவனை மனிதனாக மதித்துக் கதைத்த முதல் ஆளும் லொரென்சோதான். உனக்கு இன்னும் வசதி, மொழி தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று சிரித்தபடி சொல்லிக் கொடுத்தான். சுலக்சனும் புதிதாக வந்த கழக மருத்துவரிடம் தலையைச் சொறிந்துகொண்டு அப்படியே சொன்னான். அவர் பரிவோடு தலையாட்டி எழுதிக்கொண்டார். வகுப்பில் இத்தாலியனுக்கு முதற்பரிசு வாங்கியவன் அவன் என்பது அவருக்கெங்கே தெரியும்.

அதற்குப் பிறகு எத்தனை அடி என்று அவனே மறந்துவிட்டான். ஒரு தடவை ஆட்டத்தின் மூன்றாம் பகுதி முழுவதும் விளையாடி, கோல் ஒன்று போட உதவியும் செய்து, ஒன்றுமே ஞாபகம் இல்லாமல் உடைமாற்றும் அறையில் யார் வென்றது என்று கேட்டான். அடுத்த திங்கட்கிழமைச் சோதனையில் நாற்பத்தெட்டு எடுத்தான், புதன்கிழமை விளையாடினான். முப்பத்திரண்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பயிற்றுநர் ஆனான். தன் வீரர்களும் அதே வித்தையைச் செய்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே அவனுக்குத் தெரியும். கண்டும் காணாததுபோல இருந்தான். அவர்கள் வெளியே உட்கார்ந்தால் தோற்பது அவன்தானே. இதை நினைத்தால் இப்போது அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது லொரென்சோ அந்த மலைநாட்டுக் கழகத்தின் மேலாளர். முதல் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக வா என்று சுலக்சனைக் கூப்பிட்டிருந்தான். இருபது வருடம் கனவு கண்ட இருக்கை அது. சுலக்சன் அனுப்பிய மருத்துவ அறிக்கை கிடைத்ததும் பிரமாதம் என்று ஒரு சொல் எழுதி அனுப்பினான். வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. தனுசியா, தான் பராமரிக்கும் முதிய எசமானி சிஞ்ஞோராவிடம் மாத முடிவில் நின்றுவிடுவதாகச் சொல்லியும் விட்டாள். பயிற்றுநராகி ஆறு வருடமாக அவன் வடக்கே, அவள் இங்கே. இனி மூன்று பேரும் ஒரு வீட்டில். உண்மையைச் சொன்னால் அந்த வீடு இல்லை. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் புதன்கிழமை மத்தியானம் அவன் மொண்டெல்லோவில் பார்த்துவிட்டான்.

அன்று பின்னேரம் தனுசியா வேலையால் வந்து, குளித்து, சாப்பாட்டைப் போட்டாள். மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் படத்தைக் கைபேசியில் காட்டினாள். அப்போதுதான் வெயிலில் சிவந்திருந்த மகளின் தோளைக் கண்டாள். பிறகு காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் கொப்புளம் போட்டிருந்தது.

"என்ன இது?" என்றாள்.

சுலக்சன் வாயைத் திறக்குமுன் ஸ்ரெல்லா முந்திக்கொண்டாள். தான் செருப்பைக் கழற்றி எறிந்து விளையாடியதாகச் சொன்னாள். பப்பா கூப்பிட்டவர், கிறீம் பூச வரச் சொன்னவர், நான்தான் கேக்கேல்லை என்றாள். மூன்று தரம் கூப்பிட்டவர் என்று எண்ணிக்கையும் சேர்த்தாள். தாய் கோபத்தில் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். ஸ்ரெல்லா அழாமல், இனிமேல் செய்யமாட்டன் அம்மா, ஸ்கூசா, மன்னியுங்கோ என்றாள். பிறகு தாய்க்குத் தெரியாமல், தான் சரியாகச் செய்தேனா என்று கேட்பது போலத் தகப்பனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைச் சுலக்சனால் தாங்க முடியவில்லை. கொதி மணலில் அசையாமல் இருந்த பிள்ளை இப்போது அவனுக்காக அடியும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அளவோடு பொய் சொல்ல அவளுக்கு ஒரு மத்தியானத்தில் பழக்கிவிட்டான். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கிற கொடையா இது? அவளைத் தூக்கிப் போய்க் கொப்புளத்துக்கு மருந்து போட்டு, நீ ஒரு பிழையும் செய்யவில்லை, பிழை பப்பாவில்தான் என்று சொல்லி, உள்ளறையில் படம் பார்க்க விட்டான். திரும்பி வந்து மேசையில் இருந்தான்.

கடற்கரையில் நடந்ததை முதலில் சொன்னான். தனுசியா எழுந்து நின்றுவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பழைய சோதனையைச் சொன்னான், எப்படிக் குறைத்தான் என்பதை விளக்கமாகச் சொன்னான்.

"அப்ப உண்மையா எத்தினை எடுத்திருப்பீங்கள்?"

"எழுபத்தைஞ்சு. எண்பதும் வந்திருக்கும்."

"இப்ப?"

"இப்ப என்னாலை ஏலுமானதெல்லாம் செய்துதான் நாற்பத்தைஞ்சு."

வெளியே யாரோ மரக்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு கூவிப் போனார்கள்.

"எனக்கு இத்தாலியன் சொல்லித் தந்ததே நீங்கள்," என்றாள் கடைசியில். "மொழி தெரியாததாலை புள்ளி குறைவெண்டு டொக்டர் சொல்லேக்கை, இதென்ன கதையெண்டு எனக்கு அப்பவே மனசிலை குத்தினது. நான்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அவர் சொன்னது உண்மையா இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தனக்குப் பயமாக இருக்கிறது என்று சுலக்சன் சொன்னான். முப்பத்தெட்டு வயதுவரை அந்தச் சொல்லை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

வியாழன் காலை இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். மருத்துவர் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. பழைய கோப்பை மூடி ஒரு பக்கம் வைத்தார். புதிய நாற்பத்தைந்தைத் தனியே எடுத்து, அவன் வயதும் படிப்பும் உள்ளவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இதற்குப் பெயர் வைக்க இன்னும் சோதனைகள் வேண்டும் என்றார் அவர். எதுவென்றாலும் இப்போதே வந்தது நல்லது, செய்யக்கூடியவை இருக்கின்றன, ஆனால் போனது திரும்பி வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன் என்றார். வண்டி ஓட்டக் கூடாது. பிள்ளையோடு தனியே வெளியே போகக் கூடாது. இந்த வருடம் எந்த அணியையும் பொறுப்பெடுக்கக் கூடாது. தனுசியா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினாள். சிஞ்ஞோராவிடம், வேலையை விடவில்லை, தொடர்ந்து வருவேன் என்று கிளினிக் வாசலிலேயே ஃபோன் எடுத்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, சொன்னபடியே, லொரென்சோ அழைத்தான். சுலக்சன் சமையலறையில் தனுசியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினான். கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னான். பழைய தலைவன் ஏசப்போகிறான், கழகத்தின் பெயரைக் கெடுக்காதே என்று மிரட்டப்போகிறான் என்று சுலக்சன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான் லொரென்சோ இத்தாலியனில். "நாற்பத்தைந்து என்று பார்த்ததுமே தெரியும். நான்தானே சொல்லித் தந்தேன்."

தெரிந்துகொண்டா பிரமாதம் என்று எழுதினாய் என்று கேட்கச் சுலக்சனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் லொரென்சோ வேறு ஏதோ கேட்டான். எப்படித் தொடங்கியது என்று கேட்டான். பெயர்களா முதலில் போயின, வழியா? கோபம் வருமா? காலையில் அதிகமா, பின்னேரமா? வெளிச்சம் கண்ணைக் குத்துமா? விசாரிப்பவனின் குரல் இல்லை அது. ஒவ்வொரு பதிலுக்கும் அந்தப் பக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. சுலக்சனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. கையை நீட்டித் தனுசியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த மருத்துவரின் இலக்கத்தைத் தா," என்றான் லொரென்சோ. "ஒரு நண்பனுக்காக."

சுலக்சன் இலக்கத்தைச் சொன்னான். லொரென்சோ திருப்பிச் சொன்னான், நடுவில் பிழை வந்தது. சுலக்சன் மறுபடி சொன்னான், மெதுவாக, இரண்டிரண்டு இலக்கமாக. மறுபடியும் பிழை வந்தது, இந்தத் தடவை தொடக்கத்திலேயே. லொரென்சோ சிரித்தான். பேனை எழுதவில்லை என்றான். மூன்றாம் தடவை நாலு இலக்கத்தோடு நின்றுவிட்டான். பிறகு மேசையில் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"லொரென்சோ," என்றான் சுலக்சன். "மரியா வீட்டில்தானே இருக்கிறாள்? ஃபோனை அவளிடம் கொடு."

"அவளுக்கு ஒன்றும் தெரியாது."

"தெரியும். கொடு."

ஃபோன் கைமாறும் சரசரப்புக் கேட்டது. பிறகு அவன் மனைவி மரியாவின் குரல் வந்தது. அவள் வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை. எழுதத் தாள் எடுத்துவிட்டேன், சொல்லு என்றாள்.